இங்கிலீஷ் கோயிலுக்கு வெள்ளையடித்த சனிக்கிழமை

பணிக் குறிப்பேடு. 11 மார்ச் 1996, திங்கள். காலை 8.10. வெளி வெப்பநிலை 3 பாகை. வானம் மூடியிருந்தது.

ஆங்கிலச் சிற்றாலயம், உட்புறம். வடக்குச் சுவரும் தெற்குச் சுவரும் தரையிலிருந்து ஏறத்தாழ மூன்றரை மீற்றர் உயரம் வரை புதிதாக வெள்ளை பூசப்பட்டுள்ளன. பூசப்பட்டது செயற்கைப் பிசின் கலந்த கடை வர்ணம். காய்ந்துவிட்டது. பலிபீடத்தின் பின்சுவரில் பூச்சு இல்லை. பூட்டு உடைக்கப்படவில்லை. புகைப்படங்கள்: பன்னிரண்டு. செய்தவர்: அறியப்படவில்லை.

இந்தப் பதிவின் கடைசிச் சொல்லைத் தவிர மற்ற அனைத்தும் உண்மை.

அன்று காலை கதவைத் திறந்தபோது முதலில் என்னை வந்தடைந்தது வாசனை. மூடிய கோயிலுக்குள் புது வர்ணத்தின் வாசனை. ஒரு கணம் நான் மகிழ்ந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் ஊர்க் கோயில்களில் திருநாளுக்கு முந்திய கிழமை அப்படித்தான் மணக்கும். பிறகுதான் நான் யார், எதற்காக அங்கே நிற்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது.

சனங்கள் அமரும் வாங்கு ஒன்றின் காலடியில் ஒரு கடதாசித் துண்டு ஒட்டிக்கிடந்தது. நிலத்தில் சிந்தாமலிருக்க விரித்த பத்திரிகையின் மூலை. வெள்ளைத் துளிகளுக்கிடையே தமிழ் எழுத்து; எங்கள் வீட்டுக்கு வரும் பத்திரிகை. அதை மெல்ல உரித்தெடுத்து மடித்து, கோட்டுப் பையில் வைத்தேன். அதன் பிறகே குறிப்பேட்டைத் திறந்தேன்.

அந்தக் கோயில்

கடந்த வாரம் இந்தத் தொடரில், உணவகச் சமையலறையில் கழிந்த ஆறு ஆண்டுகளைப் பற்றி எழுதியிருந்தேன். டோர்ட்முண்டிலிருந்து ஓர் அன்பர் தொலைபேசியில் அழைத்து, "பாத்திரம் கழுவின நீங்கள் திரும்ப எப்பிடிக் கட்டட வேலைக்குப் போனனீங்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. விடை ஒரு கையெழுத்து.

ஜெர்மனியின் ஹெசன் மாநிலத்தில் நாங்கள் வாழ்ந்த அந்தச் சிறு நகரத்தின் பெயரை எழுதப்போவதில்லை. வெந்நீர் ஊற்றுகளால் பிழைத்த ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூட்டுவலிக்காரர்களும் நெஞ்சு நோயாளிகளும் இங்கிலாந்திலிருந்து வந்து மாதக்கணக்கில் தங்கி அந்த நீரைக் குடித்தார்கள். அவர்கள் தங்களுக்கென்று ஒரு சிறு கோயிலைக் கட்டிக்கொண்டார்கள். முதலாம் உலகப் போரோடு அவர்கள் வருவது நின்றது. கோயில் சில காலம் மேசை கதிரைகள் அடுக்கும் இடமாகக் கிடந்து, பின்னர் கத்தோலிக்கப் பங்கின் கைக்கு வந்தது.

எண்பதுகளின் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் வந்த எங்கள் ஆட்களுக்கு, மாதத்தின் மூன்றாம் ஞாயிறு பிற்பகலில் தமிழ்ப் பூசை வைக்க அந்தக் கோயிலைத் தந்தார்கள். ஊரார் அதை 'எங்கிலிஷெ கப்பெல்லெ' என்றார்கள். நாங்கள் இங்கிலீஷ் கோயில் என்றோம்.

அதன் கூரையைப் பழுதுபார்க்க ஏற்பாடானபோது, அதைக் கட்டியவரின் கடிதங்களைப் படிக்க ஆள் தேவைப்பட்டது. கட்டடப் பராமரிப்பு அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு ஆங்கிலம் தெரியும். அந்தக் கையெழுத்துத் தெரியாது. கொழும்பிலும் லண்டனிலும் கட்டடக்கலை படித்தவன் ஒருவன் அதே தெருவில் பாத்திரம் கழுவுகிறான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மூன்று நாளில் படித்துக் கொடுத்தேன். நான்காம் நாள் ஒரு வரைபலகையைத் தந்தார்கள்.

தர்ல்பி

கட்டியவரின் பெயர் ஜோசையா தர்ல்பி. கலைக்களஞ்சியங்களில் அவரைத் தேட வேண்டாம். வண்டிச் சில்லு செய்பவரின் மகன். இருபத்து மூன்று வயதில் ஒரு மாகாண நகரத்தில், குதிரைச் சேணம் விற்கும் கடைக்கு மேலே அலுவலகம் திறந்தவர். லண்டனில் அவர் பெயர் சொல்ல ஒரு படிக்கட்டுக்கூட இல்லை. முப்பது ஆண்டுகள் தம் மாவட்டத்துக் கிராமக் கோயில்களைப் புதுப்பித்தார். நாற்பதுக்கு மேற்பட்டவை.

புதுப்பித்தார் என்ற சொல்லைத் தயக்கத்தோடுதான் எழுதுகிறேன். விக்டோரியா மகாராணி காலத்தில் ஒரு கோயிலைப் புதுப்பிப்பது என்றால், பெரும்பாலும் அதன் சுவரைச் சுரண்டுவது. பல நூற்றாண்டுகளாக ஊரார் மேல்மேலாக அடித்த சுண்ணாம்பை அறியாமையின் அழுக்கு என்று அவர்கள் கருதினார்கள். அதைச் சுரண்டிக் கருங்கல்லை வெளிக்காட்டினால் முன்னோரின் தூய பக்தி தெரியும் என்று நம்பினார்கள். தர்ல்பியும் நம்பினார்.

அவருடைய குறிப்பேட்டில் ஒரு பக்கம் உண்டு. ஒரு கிராமத்துக் கோயிலில் சுரண்டிக்கொண்டிருந்தபோது, சுண்ணாம்புக்கடியில் சிவப்புக் கோடுகளால் வரைந்த ஒரு முகம் வெளிப்பட்டிருக்கிறது. வேலையாட்கள் நிறுத்தவில்லை, நிறுத்தச் சொல்லி யாரும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. பிற்பகல் தர்ல்பி போய்ச் சேர்ந்தபோது ஒரு கண் மட்டும் மீந்திருந்தது. அந்தக் கண்ணை அவர் பென்சிலால் வரைந்து வைத்திருக்கிறார். கீழே ஒரு சொல்லும் இல்லை.

அதன் பிறகு மனம் திருந்தினார் என்று எழுதினால் அழகாயிருக்கும். அப்படி நடக்கவில்லை. அதன் பின்னும் மூன்று கோயில்களைச் சுரண்டினார். ஒப்பந்தம் ஏற்கெனவே ஆகியிருந்தது.

ஐம்பத்தைந்து வயதளவில் நோயுற்ற மனைவியை அழைத்துக்கொண்டு இந்த ஊருக்கு வந்தார். அவள் ஊற்றுநீர் குடித்த காலத்தில் அவர் இந்தக் கோயிலைக் கட்டினார். நாட்குறிப்பில் மனைவிக்கு ஓர் எழுத்து மட்டுமே: எம். 'எம். இன்று வாசல் வரை நடந்தாள்.' அவ்வளவுதான். அவளுடைய நோய் என்னவென்று எழுதவில்லை. ஆனால், நீரூற்றிச் சுண்ணாம்பு நீற்றிய நாட்களை எல்லாம் மணி நேரத்தோடு குறித்திருக்கிறார்.

அந்த மார்ச் மாதத்தில் நான் நான்கு நாட்கள் இங்கிலாந்தில் இருந்தேன். அவருடைய மாவட்ட ஆவணக் காப்பகத்தில் மேலும் கடிதங்கள் இருப்பதாகத் தெரிந்து, பிரதியெடுக்கப் போயிருந்தேன். ஞாயிறு மாலை திரும்பினேன். திங்கள் காலை கோயிலைத் திறந்தேன்.

"ஆரிட்டக் கேக்கிறது?"

திங்கள் மாலை வீட்டுக்குப் போனபோது, வாசலில் என் மனைவி அக்னெஸின் சப்பாத்து இருந்தது. வெந்நீர்க் குளியல் மருத்துவமனையில் துப்புரவு வேலைக்குப் போட்டுப்போகும் சப்பாத்து. அதன் முனையில் மூன்று வெள்ளைத் துளிகள்.

"இஞ்சருங்கோ, கோயிலைப் பாத்தீங்களோ?" என்றாள் அடுப்படியிலிருந்து.

"பாத்தனான்."

"பளிச்செண்டு இருக்கெல்லோ?"

"ஆர் அடிச்சது?"

"ஆர் அடிக்கிறது, சனிக்கிழமை நாங்கள்தான். சூசை அண்ணையும் அவரின்ரை ரெண்டு மச்சான்மாரும், நாங்கள் நாலு பொம்பிளையளும். வாற ஞாயிறு பூசையோட சூசையப்பர் திருநாளும் வைக்கிறம். அந்தச் சுவர் கிடந்த கோலத்தைப் பாத்தனீங்கள்தானே? விறகு எரிச்ச குசினிச் சுவர் மாதிரி. கும்பிடவே கூச்சமாக் கிடந்தது."

"பூட்டுத் திறப்பு?"

"போன பூசைக்குத் துடைக்க வாங்கினது, என்னட்டத்தானே கிடந்தது."

"ஆரிட்டக் கேட்டனீங்கள்?"

அவள் கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். உண்மையாகவே விளங்காத முகம்.

"கோயிலுக்கு வெள்ளையடிக்க ஆரிட்டக் கேக்கிறது?"

நான் கோட்டைக் கழற்றி மாட்டினேன். சற்று நேரத்தில் தொலைபேசி அடித்தது. மன்னார்ச் சூசை அண்ணை. ஓர் இத்தாலிய உணவகத்தில் மாப்பிசைபவர். ஊரில் மேசன் வேலையும் செய்தவர்.

"ஐயா, பாத்தனீங்களோ? ஒரு பூச்சோட விட்டிட்டாங்கள் எண்டு நினைச்சுப்போடாதேங்கோ. ரெண்டு பூச்சு! கடையில கிடந்ததிலையே விலை கூடினது. தண்ணி ஊத்திக் கழுவினாலும் போகாது எண்டு டப்பாவிலை போட்டிருக்கு."

"ஓம் அண்ணை," என்றேன். "போகாது."

என் அறிக்கை

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்தச் சுவர்களைப் பற்றி ஓர் அறிக்கை எழுதியிருந்தேன். சாம்பல் படிந்த அந்த மங்கிய நிறம் தர்ல்பியின் திட்டமிட்ட தேர்வு. வெறுமையை நாடும் அவருடைய வாழ்நாள் ரசனையின் கடைசி வெளிப்பாடு. அதை எவரும் தொடக்கூடாது. பதினான்கு பக்கங்கள். அலுவலகத்தில் பாராட்டினார்கள். நினைவுச்சின்னக் காப்பு அலுவலகம் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது.

தொடக்கூடாது என்று நான் எழுதிய சுவரை என் மனைவி றோலரால் மூடியிருந்தாள்.

பதினொரு நாட்கள் நான் அவளோடு தேவைக்கு மேல் பேசவில்லை. சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். தேநீர் வைத்தாள்; குடித்தேன். விடிய நான்கு மணிக்கு வேலைக்குப் போனாள். கதவைச் சாத்தும் ஓசை மட்டும் கேட்டது.

பங்கு நிர்வாகம் கோயிலின் பூட்டை மாற்றியது. விசாரணை முடியும்வரை கோயில் மூடியிருக்கும், தமிழ்ப் பூசையும் நிறுத்தம் என்று கடிதம் வந்தது. திருநாள் நடக்கவில்லை. அதன் பொருள் என்னவென்று வெளியில் இருப்பவர்களுக்கு விளங்காது. ஊரிலிருந்து கடிதம் ஒழுங்காக வராத காலம் அது. யாருக்காவது ஒரு கடிதம் வந்தால், பூசை முடிந்து வாசலில் நின்று உரத்து வாசிப்பார்கள். எந்த ஊர்ச் சனம் எந்தப் பள்ளிக்கூடத்தில் தஞ்சம் இருக்கிறது, யார் வன்னிக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். அக்னெஸின் தங்கையைப் பற்றி, யாழ்ப்பாணத்துச் சனம் போரால் இடம்பெயர்ந்த அந்த ஐப்பசிக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அந்த வாசலை இழந்தால் தங்கையை இழந்தது மாதிரி என்று அவள் சொல்லவில்லை. மூன்றாம் ஞாயிறு பிற்பகலில் சேலை உடுத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

கூட்டம்

அந்தக் கிழமையின் கடைசியில், பங்கு மண்டபத்தில் கூட்டம் கூடினார்கள். பங்கு நிர்வாகத்தார், காப்பு அலுவலகத்திலிருந்து ஓர் அம்மையார், என் அலுவலகத் தலைவர், நான். தமிழர்களின் சார்பில் அக்னெஸும் சூசை அண்ணையும் பின்வரிசையில் இருந்தார்கள்.

என் பதிவை வாசித்தார்கள். பூட்டு உடைக்கப்படவில்லை. செய்தவர் அறியப்படவில்லை. ஆகவே, திறப்பு யாரிடம் இருந்தது என்ற கேள்வி எழுந்தது. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் ஹெர், அதாவது திருவாளர், கூனிடம் திறப்பு ஒன்று எப்போதும் இருக்கும். எழுபது வயது மனிதர். இரண்டாவதை யாரிடமோ கொடுத்தது அவருக்கு நினைவில்லை, எங்கும் எழுதியும் வைக்கவில்லை. ஆலயத்துக்குள் சிறு திருத்தங்களைத் தாமாகவே செய்யும் வழக்கம் அவருக்கு உண்டென்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் தலையாட்டினார். ஹெர் கூன் தம் தொப்பியை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார்.

நான் அறிந்திருந்தேன். நான் வாய் திறக்கவில்லை.

அக்னெஸ் எழுந்தாள். அவளுடைய ஜெர்மன் மொழி, மருத்துவமனைத் தளம் துடைத்துக் கற்றது. அங்கே தேவைப்பட்ட சொற்களே அவளிடம் இருந்தன.

"சுவர் அழுக்கு," என்றாள் ஜெர்மனில். "நான் சுத்தம் செய்தது. ஹெர் கூன் இல்லை. நான். முடிந்தது."

சூசை அண்ணையும் எழுந்தார். "நானும்," என்றார். பிறகு, சொல்லாமல் இருக்க முடியாதவராக, "இரண்டு தரம்," என்றார்.

யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார். காப்பு அலுவலக அம்மையார் என்னை நோக்கித் திரும்பினார். இது எனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். எப்போதிலிருந்து என்றார். எழுதும்போதே என்றேன்.

என் தலைவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எழுத்தில் ஒரு கண்டனம் வந்தது. அது நியாயமானது.

ஹெர் கூன் மட்டும், வெளியே வரும்போது அக்னெஸின் கையைப் பிடித்து, "சுத்தமாகத்தான் இருக்கிறது, அம்மணி," என்றார்.

பேருந்தில்

வீட்டுக்குப் போகும் பேருந்தில் அவள் யன்னல் பக்கம் இருந்தாள்.

"நீங்கள் எனக்காண்டித்தானே அப்பிடி எழுதினனீங்கள்?"

"ஓம்."

"எனக்காண்டி இன்னொரு மனுசனைச் சந்தியில விடேலாது."

"ஓம்."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஒண்டு கேக்கிறன், கோவிக்காதேங்கோ. வெள்ளையடிச்சது பிழையோ, அடிச்ச சாமான் பிழையோ?"

 பதினான்கு பக்கங்கள் எழுதிய எனக்குப் பதில் தெரியவில்லை.  அவளுடைய கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். வர்ணத்தைக் கழுவிய காரத்தில் விரல் நுனிகள் வெடித்திருந்தன. பதினொரு நாட்களாக நான் அதைக் கவனிக்கவில்லை.

முப்பத்தொன்று

பதில் இரண்டு இடங்களில் இருந்தது.

முதலாவது சுவரில். கடை வர்ணத்தை அகற்ற முடியுமா என்று சோதிக்க, காப்பு அலுவலக அம்மையாரின் முன்னிலையில் ஒரு தபாலட்டை அளவு இடத்தை நீராவி காட்டி மரச் சுரண்டியால் திறந்தேன். வர்ணம் தோலாக உரிந்தது. அதன் கீழே நான் போற்றிய சாம்பல் நிறம். விளக்குப் புகையும் நிலக்கரித் தூசும் படிந்த வெறும் அழுக்கு. ஈரப் பஞ்சோடு வந்துவிட்டது. அதன் கீழே சுண்ணாம்பு. விளிம்பைச் சாய்வாகத் தேய்த்து உருப்பெருக்கியால் பார்த்தேன். சுண்ணாம்பு, மெல்லிய தூசுக் கோடு, சுண்ணாம்பு, தூசுக் கோடு. வெங்காயத் தோல்போல. முப்பத்தொன்று வரை எண்ணி நிறுத்தினேன். அம்மையாரிடம் உருப்பெருக்கியைக் கொடுத்தேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஆண்டுக்கு ஒன்று," என்றார்.

இரண்டாவது என் பையிலேயே இருந்தது. இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த பிரதிகளில் பாதியை நான் இன்னும் படித்திருக்கவில்லை. இங்கிலாந்து திரும்பிய பின் தர்ல்பி இந்தக் கோயிலின் குருவானவருக்கு எழுதிய கடிதம் ஒன்று. ஒவ்வோர் ஆண்டும் உயிர்ப்புத் திருநாளான பாஸ்காவுக்கு முன் உட்சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். கூலியாட்களால் அல்ல, அங்கே செபிப்பவர்களின் கையால். தம் நாட்டில் நாற்பது கோயில்களிலிருந்து தாம் எடுத்துவிட்டதை இந்த ஒன்றிலாவது திருப்பி வைக்க விரும்புவதாக எழுதியிருந்தார். முதல் முறை அடித்தபோது எம். வாசலில் ஒரு கதிரையில் இருந்து பார்த்தாள் என்றும் இருந்தது.

அந்தக் கடிதத்தை அக்னெஸுக்கு வரிவரியாகத் தமிழில் சொன்னேன்.

"அந்த மனுசி அடிக்கேல்லையோ?"

"வருத்தக்காரி. ஊத்துத்தண்ணி குடிக்க வந்தவ."

"அப்ப கதிரையில இருந்து பிழை பிடிச்சிருப்பா," என்றாள்.

அத்தனை நாட்களுக்குப் பிறகு அவள் என்னைப் பார்த்துச் சிரித்தது அப்போதுதான்.

முந்திய அறிக்கை தவறு என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையொப்பமிட்டேன். கடை வர்ணத்தை அடித்தவர்களே அகற்ற வேண்டும் என்று முடிவாகியது. பத்துச் சனிக்கிழமைகள் எடுத்தது. சூசை அண்ணை நீராவிக் குழாயைப் பிடித்தபடி, "ரெண்டு பூச்சு அடிக்கச் சொன்ன விசரன் ஆரடாப்பா?" என்று தம்மையே திட்டிக்கொண்டிருப்பார். ஆடியில் புதுப் பூட்டின் திறப்பு எங்கள் கைக்கு வந்தது. நீற்றிய சுண்ணாம்பைப் பால்பதத்தில் கரைத்து, தூரிகையால் ஒரே ஒரு பூச்சு அடித்தோம். ஈரத்தில் ஒன்றும் தெரியாது. காயக் காயத்தான் வெளுக்கும். அக்னெஸ் வாங்கில் இருந்து, அது வெளுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த மாதப் பூசைக்குப் பிறகு, வாசலில் கிளிநொச்சியிலிருந்து வந்த கடிதம் ஒன்றை வாசித்தார்கள். அதன் ஆறாவது வரியில் அவளுடைய தங்கையின் பெயர் இருந்தது.

கதிரை

அதன் பிறகு ஒவ்வொரு தவக்காலத்திலும் அடித்தோம். அடித்தவர்கள் மாறினார்கள். ஹெர் கூன் ஒரு முறை வாளி பிடித்தார்.

அக்னெஸ் பங்குகொண்ட கடைசி முறை, வாசலில் ஒரு கதிரை போட்டு, கால்களுக்குப் போர்வை சுற்றி இருத்தினோம். நான் ஏணியில் நின்றேன். என் வயதில் ஏறக்கூடாது என்றார்கள், ஏறினேன்.

"இஞ்சருங்கோ," என்று கூப்பிட்டாள். "அங்கை மேலை, இடப்பக்கம். விட்டிட்டீங்கள்."

"ஈரத்தில தெரியாது. காய வெளுக்கும்."

"அது அடிச்ச இடம். நான் சொல்லுறது அடிக்காத இடம்."

தூரிகை எட்டவில்லை. அடுத்த வருசம் பார்ப்போம் என்றேன். அவள் சரி என்றாள். அவள் இல்லாத அந்த அடுத்த வருசம்தான் இது. கதிரை இன்னும் வாசற்கதவுக்குப் பின்னால் மடித்தபடி இருக்கிறது.

முடிக்காமல் இருப்பவை:

11 மார்ச் 1996 பதிவின் கடைசிச் சொல்லை வெட்டி, அங்கே 'அக்னெஸ்' என்று எழுதுவது.

ஹெர் கூனின் கல்லறைக்குப் போய், அந்தக் கூட்டத்தில் நான் பேசாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்பது.

தர்ல்பி வரைந்த கண்ணின் பிரதியைச் சட்டம் போடுவது.

வடக்குச் சுவர், மேலே, இடப்பக்கம்.